சமாதானம் செய்த அரசியரும் சாசனமில்லா அதிகாரமும்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன போர்களே. தக்கோலம், பானிபட், வந்தவாசி என்று களங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். வென்றவன் மெய்க்கீர்த்தி பாடுகிறான். தோற்றவனுக்கோ நடுகல் எழுகிறது. ஆனால் மூளவிருந்த போர் ஒன்று மூளாமலே போயிருக்குமாயின், அதற்குக் கல்வெட்டும் இல்லை, பரணியும் இல்லை. அத்தகைய போர்களைத் தடுத்தோரின் கணக்கை எடுப்போமாயின், அதில் பெண்களின் பெயர்கள் எதிர்பாராத அளவுக்கு மிகுதியாகவே காணப்படும். அவர்கள் எவ்வாறு அதைச் செய்தார்கள், எந்த உரிமையைக் கொண்டு செய்தார்கள், அந்த உரிமை அவர்களை எதுவரை காத்தது என்பவற்றைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்தரமேரூர்க் கல் சொல்வது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டுகளை அறியாதார் இலர். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதிகள் அவற்றில் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என வாரியங்கள் அமைந்தன. பதவிக் காலம் 360 நாட்கள். வயது 35-க்கு மேலும் 70-க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் ஓலை எழுதப்பட மாட்டான். இதனினும் ஒரு படி மேலாக, அவனுடைய உறவினரும் விலக்கப்படுவர்.

இந்த விலக்குப் பட்டியலைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தாயுடன் பிறந்த சிறியதாய், பெரியதாய் ஆகியோரின் மக்கள், அத்தையின் மக்கள், மனைவியுடன் பிறந்தவன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மகளை மணந்த மருமகன் என்று உறவுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படுகின்றன. தாய், அத்தை, மனைவி, சகோதரி, மகள் ஆகிய அத்துணைப் பெண்களும் அக்கல்லில் இருக்கின்றனர். ஆனால் ஓலையில் எழுதப்படுவோர் வரிசையில் அவர்களுள் ஒருத்தியேனும் இல்லை. ஓர் ஆணை மற்றோர் ஆணோடு பிணைக்கும் நூலாக மட்டுமே அவர்கள் அங்கே வருகின்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஊரின் வழக்கத்தை இன்றைய அளவுகோலால் அளந்து பழிப்பது நம் கருத்தன்று. அக்காலத்து உலகில் பெண்ணுக்கு அளிக்கப்பட்ட இடம் யாது என்பதை இக்கல் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது என்பதே நாம் குறிப்பது.

பெண் கொடுத்துப் பெற்ற அமைதி

ஊர்ச் சபையில் நூலாக இருந்த பெண், அரண்மனையிலும் பெரும்பாலும் நூலாகவே இருந்தாள். பராந்தகனின் தந்தையாகிய ஆதித்த சோழன், இராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனின் மகளான இளங்கோன் பிச்சியை மணந்திருந்தான். இரு பேரரசுகளுக்கும் இடையே உறவு நிலைக்க இம்மணம் உதவியிருத்தல் வேண்டும். ஆனால் ஆதித்தனுக்குப் பின் அவள் வயிற்று மகனுக்கு அரியணை கிட்டவில்லை. பராந்தகனே முடி சூடினான். பேரனுக்காகப் பாட்டனார் படையெடுத்தார். 911-ஆம் ஆண்டளவில் வல்லத்தில் போர் நிகழ்ந்தது, பராந்தகன் வென்றான். அந்தப் பகை அத்துடன் ஓயவில்லை. 949-இல் தக்கோலத்தில் மூன்றாம் கிருஷ்ணனின் படை சோழ இளவரசன் இராஜாதித்தனை வீழ்த்தியது. அதன்பின் தொண்டை மண்டலம் சில ஆண்டுகள் இராஷ்டிரகூடர் வசமே இருந்தது. அமைதிக்காகச் செய்த திருமணமே போருக்குக் காரணமாயிற்று எனலாம்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. முதலாம் இராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மணம் செய்வித்தான். அவர்கள் மகன் இராஜராஜ நரேந்திரன், இராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுடைய மகனே 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். சோழநாடும் வேங்கியும் தாய்வழி உறவால் ஒரு குடைக்கீழ் வந்தன. இங்கே திருமண உறவு பலன் தந்தது. எனினும் குந்தவையோ அம்மங்கையோ அவையில் என்ன சொன்னார்கள், எதை விரும்பினார்கள், எதை எதிர்த்தார்கள் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. உறவு வென்றாலும் தோற்றாலும் அதில் பெண்ணின் சொல் நமக்கு எட்டவில்லை. அவள் சொல்லைக் கேட்க வேண்டுமாயின், அவளே அரசு கட்டிலில் அமர்ந்த இடத்துக்கு நாம் செல்லவேண்டும்.

மங்கம்மாளின் பதினேழு ஆண்டுகள்

அவ்வாறு அமர்ந்தவர்களுள் தமிழகம் நன்கறிந்தவர் இராணி மங்கம்மாள். மதுரை நாயக்கர் மரபில் வந்த சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682-இல் கணவர் காலமானார். பட்டத்துக்கு வந்த மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் வைசூரியால் இறந்தார். அவருடைய மனைவி முத்தம்மாள் ஓர் ஆண் மகவைப் பெற்றுத் தந்துவிட்டுக் கணவரைப் பின்பற்றி உயிர் நீத்தார். சில மாதக் குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காகப் பாட்டியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தலைநகர் அப்போது திருச்சிராப்பள்ளியில் இருந்தது.

அவர் பொறுப்பேற்ற அதே 1689-ஆம் ஆண்டின் இறுதியில், மராத்திய மன்னர் இராஜாராம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பிடிக்க முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகார் கான், 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்டார். 1698-இன் தொடக்கத்தில்தான் அக்கோட்டை வீழ்ந்தது. இடையில் 1693-இன் தொடக்கத்தில் முற்றுகையைத் தற்காலிகமாகக் கைவிட்டு அவர் பின்வாங்கித் தங்கியது வந்தவாசியில். உத்தரமேரூருக்குத் தென்மேற்கே, ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள ஊர் அது. ஏழாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரும்படை இப்பகுதியில் முகாமிட்டிருந்ததாயின், அதன் குதிரைகளுக்கான தீவனமும் வீரர்களுக்கான தானியமும் எவர் களத்திலிருந்து சென்றிருக்கும் என்பதை உழவுக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்நிலையில் மங்கம்மாளின் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று அவருடைய மகனின் வழி. முகலாயப் பேரரசரின் பாதுகை ஒன்று யானைமேல் ஊர்வலமாக வந்ததாகவும், சிற்றரசர்கள் அதனை வணங்கித் திறை செலுத்த வேண்டியிருந்ததாகவும், முத்துவீரப்பர் அப்பாதுகையில் தம் காலை நுழைத்து, வந்தவர்களை எள்ளி விரட்டியதாகவும் ஒரு பழங்கதை உண்டு. கதையின் உண்மை எவ்வாறாயினும், இளம் மன்னனின் வீரத்தை மக்கள் எப்படி நினைவில் வைத்தனர் என்பதை அது காட்டுகிறது. மற்றொன்று கணக்குப் பார்க்கும் வழி. செஞ்சியிலேயே இத்தனை ஆண்டுகள் தளராது நின்ற படை தெற்கே திரும்புமாயின், தம் நாடு அதைத் தாங்காது என்பதை அரசியார் உணர்ந்தார். பேரரசின் மேலாண்மையை ஏற்றுத் திறை அனுப்பினார். செஞ்சியைப் போல ஒரு முற்றுகையைத் திருச்சி அப்போது காணவில்லை.

அதனோடு அவர் நிற்கவில்லை. திறையால் கிடைத்த உறவையே கருவியாக்கிக்கொண்டார். தஞ்சை மராத்தியர் கைப்பற்றியிருந்த தம் பகுதிகளை மீட்க 1697-இல் சுல்பிகார் கானுக்கு விலையுயர்ந்த பரிசுகளை அனுப்பி, அவர் துணையைப் பெற்றார். பேரரசுடன் மோதியிருந்தால் இழந்திருக்கக்கூடியதை, பேரரசின் துணையாலேயே திரும்பப் பெற்றார் என்பது கருதத்தக்கது.

மங்கம்மாள் போரே செய்யாதவர் என்று எண்ணிவிடலாகாது. திருவிதாங்கூர்மீதும் தஞ்சைமீதும் அவருடைய தளவாய் நரசப்பையா படை நடத்தினார். 1702-இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியோடு நடந்த போரில் அத்தளவாய் உயிரிழந்தார். மதுரைப் படை தோற்றது. ஆகவே பெண் என்பதால் இயல்பிலேயே அமைதி விரும்பினார் என்ற எளிய முடிவுக்கு நாம் வந்துவிடுவது சரியன்று. எங்கே போர் பயன் தரும், எங்கே நாட்டை அழிக்கும் என்று எடை போட்டவர் அவர். சில வேளை எடை சரியாயிற்று. சில வேளை பிழையாயிற்று.

அந்த எடைபோடும் திறனுக்குக் காவிரி ஒரு சான்று. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை கட்டியதால் திருச்சியும் தஞ்சையும் ஒருங்கே வறண்டன. சிறிது காலத்துக்கு முன்புதான் தஞ்சையும் மதுரையும் போரிட்டிருந்தன. ஆயினும் மங்கம்மாள் தஞ்சையாரோடு கைகோத்து மைசூருக்கு எதிராகக் கூட்டணி அமைத்தார். படைகள் புறப்படும் முன்பே பெருமழை பெய்து அணை உடைந்தது, போர் தேவைப்படவில்லை. ஏரி வாரியத்துக்கு ஆளெடுத்த உத்தரமேரூர்ச் சபையாருக்கு இக்கூட்டணியின் பொருள் உடனே விளங்கியிருக்கும். தண்ணீர் பொதுவானால் பகையும் ஓரளவுக்கு மேல் நீடிக்க இயலாது.

உள்நாட்டிலும் அவர் அதே போக்கைக் கையாண்டார். வைணவக் குடும்பத்தவரான அவர் ஆட்சியில் முஸ்லிம் தர்காவுக்கு நிலமானியம் கிடைத்தது. கிறிஸ்தவப் பாதிரிமாருக்கு அவர் அவையில் மரியாதை இருந்தது. சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரால் இன்றும் வழங்குகின்றன. மதுரை இரயில் நிலையத்தின் எதிரேயுள்ள மங்கம்மாள் சத்திரத்தைக் காணாத பயணி இருக்க முடியாது.

ஆனால் முடிவு என்னவாயிற்று? பேரன் வயதுக்கு வந்தான். 1706-இல் அவர் ஆட்சி முடிவுற்றது. பொறுப்பை விட்டுக்கொடுக்க அவர் தயங்கினார் என்றும், அவரைச் சிறையிட்டு, உணவைக் கண்ணெதிரே வைத்துக் கைக்கு எட்டாதவாறு செய்து பட்டினியால் மாளவிட்டனர் என்றும் செவிவழிச் செய்தி உரைக்கிறது. அதன் ஒவ்வொரு விவரத்தையும் நாம் உறுதி செய்ய இயலாதாயினும், பதினேழு ஆண்டுகள் நாட்டைக் காத்த ஒருவருக்கு நாட்டு மக்களே இப்படியொரு முடிவைக் கதையாக்கி வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. அவர் அமர்ந்த இடம் அவருக்கு உரியதன்று. பேரனுக்காக வைத்திருந்த அமானிதம் அது. அமானிதத்தின் காலம் முடிந்ததும் அவரைக் காக்க எந்த விதியும் இருக்கவில்லை.

நைல் நதிக்கரையில் இரு அரசியர்

அரபு வரலாற்று நூல்களைப் பயின்றோர், மங்கம்மாளின் வாழ்வைப் படிக்கும்போது எகிப்தின் ஷஜருத் துர்ரை நினையாமல் இருக்க இயலாது. 'முத்து மரம்' என்பது அப்பெயரின் பொருள். அடிமையாக வந்து, சுல்தான் ஸாலிஹ் அய்யூபின் மனைவியானவர். 1249 ஜூனில் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையுடன் திமியாத் துறைமுகத்தைக் கைப்பற்றினார். அவரை எதிர்த்து மன்சூராவில் முகாமிட்டிருந்த சுல்தான் நவம்பரில் இறந்தார். அச்செய்தி வெளியானால் படை சிதறும். ஷஜருத் துர் நம்பிக்கைக்குரிய இருவரோடு மட்டும் கலந்து, சுல்தான் நோயுற்றிருப்பதாக அறிவித்து, சுல்தானின் பெயராலேயே ஆணைகள் வெளிவரச் செய்தார். மகன் தூரான்ஷா தொலைநாட்டிலிருந்து வந்து சேரும்வரை அரசு குலையவில்லை. 1250 ஏப்ரலில் லூயி மன்னர் சிறைப்பட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் தூரான்ஷா மம்லூக்குகளால் கொல்லப்பட்டார். ஹிஜ்ரி 648-இல் ஷஜருத் துர் அரசியாக அறிவிக்கப்பட்டார். அவர் பெயரால் குத்பா ஓதப்பட்டது, நாணயம் அடிக்கப்பட்டது. லூயியுடன் பேசி முடிக்கப்பட்டிருந்த உடன்படிக்கை இந்தக் கொலையால் முறிந்து போயிருக்கக்கூடும். சிறைப்பட்டோர் அனைவரும் மடிந்திருக்கவும் கூடும். அவ்வாறு நிகழவில்லை. எட்டு இலட்சம் பெஸாண்ட் பொற்காசுகள் மீட்புத்தொகை, அதில் பாதியை முதலில் செலுத்துவது, திமியாத்தைத் திருப்பித் தருவது என்ற நிபந்தனைகளின்படி, மே 6-ஆம் நாள் அத்துறைமுகம் முஸ்லிம்களிடம் மீண்டது. மன்னர் விடுவிக்கப்பட்டார்.

மறுபுறத்திலும் ஒரு பெண்ணே இருந்தார். லூயியின் மனைவி மார்கரெட் நிறைமாதக் கர்ப்பிணியாகத் திமியாத்தில் இருந்தார். கணவர் சிறைப்பட்ட செய்தி வந்த சில நாட்களில் மகவு பிறந்தது. பைசா, ஜெனோவா நகரத்தார் ஊரை விட்டுக் கப்பலேற முனைந்தபோது, பிரசவப் படுக்கையிலிருந்தபடியே அவர்களை அழைத்துப் பேசி, உணவுப் பொருள்களைத் தம் பணத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லி நிறுத்திவைத்தார். அவர்கள் போயிருந்தால் ஈடாகக் கொடுக்கத் திமியாத் அவர் கையில் இருந்திராது. மீட்புத்தொகையைப் பற்றிக் கேட்டபோது, அரசியின் இசைவைப் பெற்றே தம்மால் சொல்லமுடியும் என்று லூயி விடையிறுத்ததாக அவருடன் இருந்த ஜாயின்வில் எழுதுகிறார். அதைக் கேட்டு எகிப்தியர் வியந்தனராம். ஆனால் அவர்களுடைய நாட்டிலேயே சில நாட்களில் ஒரு பெண் அரசியானார் என்பது வரலாற்றின் விந்தை.

ஷஜருத் துர்ரின் ஆட்சி எண்பது நாட்களே நீடித்தது. உங்களிடம் ஆண்கள் இல்லையாயின் சொல்லுங்கள், நாம் ஒருவரை அனுப்புகிறோம் என்ற கருத்தில் பக்தாதின் கலீஃபா எள்ளி எழுதியனுப்பினார். அரசியார் தளபதி அய்பக்கை மணந்து ஆட்சியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு நேர்ந்தவை துயரமானவை. 1257-இல் அய்பக் இவர் ஏவலால் கொல்லப்பட்டார். பழிக்குப் பழியாக இவரும் மரப்பாதுகைகளால் அடித்துக் கொல்லப்பட்டார். கெய்ரோவில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் உள்ளது. எள்ளிய கலீஃபாவின் பக்தாதும் மறு ஆண்டு, 1258-இல், மங்கோலியரால் அழிந்தது. அந்நகரைக் காக்க அங்கே ஆண்களுக்குக் குறைவிருக்கவில்லை.

மார்க்க நூல்களின் ஒளியில்

இவ்விடத்தில் நம் வீடுகளில் எழும் வினா ஒன்றுண்டு. தம் ஆட்சிப் பொறுப்பைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம் வெற்றியடையாது என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் உள்ளதன்றோ என்பர். உள்ளது. பாரசீகர் கிஸ்ராவின் மகளை அரசியாக்கிய செய்தி வந்தபோது சொல்லப்பட்டதாக அபூபக்ரா (ரலி) அறிவித்தது அது. அதனைக் கொண்டு பெரும்பான்மை அறிஞர் நாட்டின் தலைமையைப் பெண் ஏற்பதை மறுத்தனர். ஆனால் தலைமைக்குக் கீழுள்ள பொறுப்புகளில் அவர்கள் ஒருமித்த கருத்துடையவராக இல்லை. பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் வழக்குகளில் அவள் நீதிபதியாகலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. எல்லா வழக்குகளிலும் ஆகலாம் என்ற கருத்து இமாம் இப்னு ஜரீர் தபரீ அவர்களைச் சார்த்திச் சொல்லப்படுகிறது. ஆலோசனை சொல்லும் உரிமையையோ கேட்கப்படும் உரிமையையோ மறுத்தவர் எவரும் இலர்.

திருமறையின் 'அந்நம்ல்' அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசியின் செய்தி வருகிறது. விரிவுரையாளர் அவரைப் பில்கீஸ் என்பர். நபி சுலைமான் (அலை) அவர்களின் மடல் வந்தபோது அவர் தம் தலைவர்களைக் கூட்டி ஆலோசனை கேட்கிறார். அவர்களோ தம் வலிமையைப் பேசுகின்றனர். மன்னர் ஓர் ஊரில் படையுடன் புகுந்தால் அவ்வூர் பாழாகும், அங்குள்ள கண்ணியமானோர் இழிவுறுவர் என்று அவர் எண்ணிப் பார்த்து, முதலில் அன்பளிப்புடன் தூது அனுப்புகிறார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் திருச்சியிலிருந்து அன்பளிப்பு அனுப்பிய மங்கம்மாளின் சிந்தனையும் இதுவேயன்றோ?

அரசியல்லாத ஒருவரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை கையெழுத்தானபோது, அதன் நிபந்தனைகளால் மனம் நொந்திருந்த தோழர்கள், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தும் உடனே எழவில்லை. எவரிடமும் பேசாமல் தாங்களே சென்று அதைச் செய்யுங்கள் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) யோசனை சொன்னார்கள். நாயகம் அவ்வாறே செய்தார்கள். தோழர்கள் அனைவரும் எழுந்து பின்பற்றினர். இஸ்லாமிய வரலாற்றின் மிகப் பெரும் சமாதானம் தன் முதல் நாளில் ஒரு பெண்ணின் சொல்லால் நிலைபெற்றது.

இன்று எழுதப்பட்ட விதி

மீண்டும் உத்தரமேரூருக்கு வருவோம். அந்தச் சபையின் பெருமை அதன் விதிகளில் இருந்தது. யார் அமரலாம், எத்தனை நாள் அமரலாம், எதனால் விலக்கப்படுவர் என்பன கல்லில் இருந்தன. ஓலையில் பெயர் வந்தவனை அண்டை வீட்டார் விரும்பாவிட்டாலும் எழுப்பிவிட முடியாது. மங்கம்மாளுக்கும் ஷஜருத் துர்ருக்கும் அறிவு இருந்தது, துணிவு இருந்தது. அத்தகைய விதி ஒன்று மட்டும் இல்லாதிருந்தது. கணவனின் இறப்போ பேரனின் குழந்தைமையோ திறந்துவிட்ட கதவு, அவை மாறியதும் மூடிக்கொண்டது.

இன்றோ விதி வந்துவிட்டது. 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடப்புக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழகம் 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது, உத்தரமேரூர் ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் இந்த விதியின்படியே பெண்கள் நின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலையில் எழுதப்படாத பெயர்கள் அதே மண்ணில் வாக்குச்சீட்டில் அச்சாயின.

எனினும் தலைவி பெயரளவில் இருக்க, கூட்டத்தில் கணவரே பேசும் வழக்கம் நாட்டில் பல இடங்களில் காணப்படுகிறது. கல்லில் இருந்த பழைய முறையைப் புதிய விதிக்குள் மறைமுகமாகக் கொண்டு வருவதற்கே இது ஒப்பாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் நாற்காலியில் அவளே அமரவேண்டும். கையொப்பம் இடுமுன் கணக்கை அவளே படித்தறிய வேண்டும்.

நம் மஹல்லாக்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கணவன் மனைவியரிடையே பிணக்கு நேர்ந்தால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக அமர்த்துமாறு திருமறை கூறுகிறது. நம் ஜமாஅத்துகளில் அத்தகைய பிணக்குகள் வரும்போது, மனைவியின் தரப்பைத் தந்தையோ அண்ணனோ எடுத்துரைக்க, அவள் வாசலுக்கு அப்பால் காத்திருப்பதே பெரும்பாலும் நடக்கிறது. சொந்த வாழ்வைப் பற்றிய தீர்ப்பில்கூட அவள் இரு குடும்பத்து ஆண்களை இணைக்கும் நூலாகவே இருந்துவிடுகிறாள். மார்க்கம் கற்ற, அனுபவம் முதிர்ந்த பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். குடும்ப வழக்குகள் பேசப்படும் நாளில் அவர்களுள் இருவரையேனும் அழைத்து அமரவைத்து, அந்தப் பெண் தன் நாவாலேயே தன் நிலையைச் சொல்ல வழி செய்வோமாயின், எந்த மத்ஹபும் அதற்குத் தடை சொல்லாது. அந்த ஏற்பாட்டையும் ஒருவருடைய தயவாக விட்டுவிடாமல், ஜமாஅத்தின் தீர்மானப் புத்தகத்தில் விதியாக எழுதிவைத்தல் வேண்டும். நல்லோர் அதற்கு முன்வர வல்ல நாயன் அருள்புரிவானாக.